முதல் வரியில் போட்ட சுழி

பசங்களா,

போன வாரம் சாப்பிடும்போது அப்பா லாட்ஜில் என்னதான் வேலை செய்கிறார் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டீர்கள். ரூம் சாவி கொடுப்பார் என்றாள் சின்னவள். இல்லை, கம்ப்யூட்டர் பார்ப்பார் என்றான் பெரியவன். இரண்டும் சரிதான். ஆனால் கம்ப்யூட்டரில் எதைப் பார்க்கிறேன் என்று நீங்கள் திரும்பிக் கேட்டபோது எனக்குச் சொல்ல வரவில்லை. ரசம் ஆறுகிறது என்று உங்கள் அம்மா சொன்னதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும் என்று இதை எழுதுகிறேன். நான் பிளஸ் டூ வரை படித்தவன். அதற்குமேல் ஒரு டி.டி.பி. கோர்ஸ், அவ்வளவுதான். பெரிய வார்த்தை எதையாவது தப்பாகச் சொல்லியிருந்தால், நீங்கள் படித்து முன்னுக்கு வந்த பிறகு திருத்திக்கொள்ளுங்கள்.

லாட்ஜுக்கு வருவதற்கு முன்னால் ஃபிளெக்ஸ் பேனர் கடையில் இருந்தேன். காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு விழா, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று தினமும் வரும். ஒவ்வொரு பேனரையும் புதிதாகச் செய்ய மாட்டோம். பூ பார்டர், குத்துவிளக்கு, மேலே சாமி படம் எல்லாம் போட்டு ஒன்று தயாராக இருக்கும். பெயர், தேதி, மண்டபம், போட்டோ ஆகியவற்றுக்கு மட்டும் இடம் விட்டிருப்போம். ஆள் வந்ததும் அந்த இடங்களை நிரப்பி அச்சுக்கு அனுப்புவோம். அந்த மாதிரிப் படிவத்துக்குத்தான் டெம்ப்ளேட் என்று பேர். கம்ப்யூட்டர் உலகத்திலும் அதே பேர்தான், வேலையும் கிட்டத்தட்ட அதேதான். இது எனக்குத் தெரிய வெகு காலம் ஆயிற்று.

நம் லாட்ஜில் ரூம் பதிவு செய்கிற வலைப்பக்கம் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்டது. எழுதினவர் பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு வந்து, செங்கம் ரோட்டுப் பக்கம் வாடகை அறை எடுத்துத் தியானம் செய்துகொண்டிருந்தவர். முதலாளிக்குப் பழக்கமாகி, பொழுது போகாத நாட்களில் எழுதிக் கொடுத்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் வலைப்பக்கத்தில் தெரிகிற வாசகம் எல்லாவற்றையும் நிரலுக்கு, அதாவது புரோகிராமுக்கு, உள்ளேயே வைத்துவிட்டார். அதாவது பேனரில் ஒரு பேர் மாற்ற வேண்டும் என்றால் மெஷினையே கழற்ற வேண்டும் என்கிற மாதிரி. அவர் ஊரில் இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அவர் இமயமலைப் பக்கம் கிளம்பிப் போனதும் தெரிந்தது.

ஏனென்றால் நம் ஊர் லாட்ஜுக்கு மாதாமாதம் வாசகம் மாறும். மற்ற ஊரில் பகல் பன்னிரண்டுக்கு வா, மறுநாள் பன்னிரண்டுக்குக் காலி செய் என்றால் முடிந்தது. இங்கே பௌர்ணமி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை வைத்துத்தான் ஜனம் வரும். ஒரு மாதம் சாயங்காலம் தொடங்கும், ஒரு மாதம் விடிகாலையில் தொடங்கும். கிரிவலம் போய்விட்டு வந்து எத்தனை மணிவரை படுத்திருக்கலாம் என்பதும் அதற்கேற்ப மாறும். அந்த நேரங்களை ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் மாற்ற வேண்டும். எங்களால் மாற்ற முடியாமல் போன ஒரு மாதம், போன பௌர்ணமி நேரமே அதில் நின்றுவிட்டது. அதை நம்பி விழுப்புரத்திலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம், ரூம் இன்னும் காலியாகவில்லை என்று தெரிந்து வரவேற்பறைத் தரையில் ஜமக்காளம் விரித்துப் படுத்துக்கொண்டது. நாங்கள் யாரையும் எழுப்பவில்லை. எழுப்ப மனசு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் முதலாளி என்னையும் வரவேற்பு மேசையில் இருக்கும் அக்காவையும் கூப்பிட்டார். அக்கா இந்த ஊரிலேயே பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம். எனக்கு முன்பிருந்தே அந்த மேசையில் இருப்பவர். ஒரு கம்பெனிக்காரர்கள் லாட்ஜை மொத்தமாக எடுத்து நடத்தக் கேட்கிறார்கள் என்று முதலாளி சொன்னார். அவர்களுடைய ஆப், அவர்களுடைய ஆள். போனுக்கு வருகிற நம்பரை அழுத்தினால் கதவு திறக்குமாம். மேசையே வேண்டாமாம். வருகிற பௌர்ணமிக்குள் நம் பக்கத்தை நாமே மாற்றி நடத்துகிற மாதிரி செய்ய முடிந்தால் பார்ப்போம், முடியாவிட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடைசியில் குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

"அப்படி ஆச்சுன்னா ஒங்க ரெண்டு பேரையும் என்னால வெச்சுக்க முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

வெளியே வந்ததும் அக்கா கேட்டார், "இன்னா தம்பி, ஒன்னால ஆவுமா? ஆவாதுன்னா சொல்லிடு. நான் தையல் மெஷின தூசி தட்டணும்."

பார்க்கிறேன் அக்கா என்று மட்டும் சொன்னேன். வீட்டில் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

செய்ய வேண்டியது என்ன என்பது அந்த பெங்களூர்க்காரர் போவதற்கு முன் சொல்லிவிட்டுப் போனதுதான். வாசகங்களை எல்லாம் நிரலிலிருந்து வெளியே எடுத்துத் தனித்தனி டெம்ப்ளேட்டாக ஒரு ஃபோல்டரில் வைக்க வேண்டும். அவற்றைப் படித்து இடம் விட்ட இடங்களை நிரப்பித் தர டெம்ப்ளேட் என்ஜின் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதோடு கூட ஒரு சர்வ்லெட் வரும். சர்வ்லெட் என்றால் என்னவென்று நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஒரு பெரிய மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். டிபனுக்கு ஒரு சப்ளையர், சாப்பாட்டுக்கு ஒரு சப்ளையர், பார்சலுக்கு ஒருவர். வருகிற ஆள் என்ன கேட்கிறாரோ அதைப் பார்த்து மேனேஜர் ஆளை அனுப்புவார். சர்வ்லெட் என்பது சப்ளையர். யார் எதற்கு என்று மேனேஜர் கையில் ஒரு ஏற்பாடு இருக்கும் அல்லவா, அதுதான் வெப் எக்ஸ்எம்எல் என்கிற ஃபைல். வலைப்பக்கத்தை நடத்துகிற கம்ப்யூட்டர் சர்வர் எழுந்திருக்கும்போது நம்முடைய ஃபைல்களில் முதலில் படிப்பது அதைத்தான்.

அந்த ஃபைலில் நான் எழுத வேண்டியது கொஞ்சம்தான். புது சப்ளையருக்கு ஒரு பேர், அவர் எந்த நிரல், டெம்ப்ளேட் இருக்கும் ஃபோல்டர் எது, எழுத்தை எந்த முறையில் படிப்பது, எந்த மாதிரி முகவரி வந்தால் அவரிடம் அனுப்புவது. அவ்வளவும் ஒரு விரற்கடை அளவு. அதற்கு எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

முதலில் எல்லா முகவரியையும் புது ஆளிடமே அனுப்பு என்று எழுதிவிட்டேன். அதனால் பக்கத்தின் மேலே இருக்கும் மலைப் படத்தைக் கேட்டாலும் அவரிடம் போயிற்று, பக்கத்தின் நிறத்தைக் கேட்டாலும் அவரிடமே போயிற்று. அவர் பாவம், அந்தப் பேரில் டெம்ப்ளேட் இல்லையே என்று கையை விரித்தார். பக்கம் வந்தது, படமும் இல்லை, நிறமும் இல்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, திருப்பதி போய்ட்டு வந்த மாதிரி மொட்டையா நிக்குதே தம்பி என்றார். டெம்ப்ளேட் என்று முடிகிற பேர்களை மட்டும் அவரிடம் அனுப்பு என்று மாற்றியதும் மலை திரும்பி வந்தது.

அடுத்தது தமிழ். டெம்ப்ளேட்டில் நான் நல்ல தமிழில்தான் எழுதியிருந்தேன். திரையில் மேலே கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாக வந்தன. படிக்கிற முறையைச் சரிசெய்தேன். இப்போது எல்லாம் கேள்விக்குறியாக வந்தது. கிரிவலம் எத்தனை மணிக்கு என்கிற இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி. ஃபைலைப் படிக்கிற முறை ஒன்று, பக்கத்தை வெளியே அனுப்புகிற முறை இன்னொன்று, இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டையும் சொன்னேன். ஒரு வியாழக்கிழமை மதியம் "திருவண்ணாமலைக்கு வருக" என்று முழுசாக வந்தது. அக்காவே டெம்ப்ளேட்டைத் திறந்து ஒரு வரியை மாற்றிப் பார்த்தார். மாறியது. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பௌர்ணமி. வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் புதுசை ஆரம்பித்துவிடலாம் என்று முதலாளி சொன்னார். பத்தரைக்கு ராகு காலம் வருகிறது, அதற்குள் ஓட வேண்டும் என்றார். வரும்போதே பூ, தேங்காய், கற்பூரம் எல்லாம் கொண்டுவந்தார். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். திரையில் வைக்கப் போனவரை நான்தான் பக்கவாட்டில் வைக்கச் சொன்னேன்.

முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. புது பில் புத்தகமோ, புது வருகைப் பதிவேடோ எது வந்தாலும், முதல் தாளில் அவர் கையால் பிள்ளையார் சுழி போட்ட பிறகுதான் நாங்கள் தொடுவோம். அவர் ஊரில் இல்லாவிட்டால் காத்திருப்போம். அன்றைக்கும் அவர் பேனாவை எடுத்துக்கொண்டு எங்கே போடுவது என்று பார்த்தார். தாள் ஒன்றும் இல்லை. நான் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினேன். அது வேண்டாம், இதுக்குள்ளேயே போட வேண்டும் என்றார்.

"எல்லாத்துக்கும் மொதல்ல இது எத படிக்கும்?"

வெப் எக்ஸ்எம்எல் என்றேன். கேட்டதற்குப் பதில் தெரிந்த சந்தோஷத்தில் அதைத் திறந்தும் காட்டினேன். அக்கா தமிழ் விசைப்பலகைக்கு மாற்றிக் கொடுத்தார். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, எந்த விசை என்று கேட்டு, எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியில் முதல் எழுத்தாக "உ" என்று ஒரு விரலால் அழுத்தினார். நான் சேமித்தேன். எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பரீட்சைப் பேப்பரிலேயே போட்டவன் நான். நீங்களும் போடுகிறவர்கள்தான்.

முதலாளி கற்பூரம் காட்டியதும் சர்வரை ஓட விட்டேன். ஓடியது. பக்கத்தைத் திறந்தால், அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது.

நிறுத்தி மறுபடி ஓட விட்டேன். அதே. நேற்று மதியம் ஓடியதுதானே என்று முதலாளி கேட்டார். ஓடியதுதான். அதற்குள் போன் வரத் தொடங்கிவிட்டது, பக்கம் திறக்கவில்லையே, நாளைக்கு ரூம் இருக்கிறதா என்று. அக்கா ஒவ்வொருவருக்கும் இன்னும் கொஞ்ச நேரத்தில் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் நின்றார். கம்பெனிக்காரருடைய எண்ணை அவர் போனில் தேடுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

சர்வர் தனக்கு என்ன நடந்தது என்பதை ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அதைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஆங்கிலம். எனக்குப் புரிந்த மட்டில் மேலிருந்து பார்த்தேன். வெப் எக்ஸ்எம்எல், முதல் வரி, முதல் எழுத்து, இங்கே எதுவும் இருக்கக்கூடாது. அதைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்குக் கை ஓடவில்லை. காரணம் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான். அந்த மாதிரி ஃபைலின் தலையில், இது எக்ஸ்எம்எல் என்று சொல்கிற ஒரு வரி இருக்கும். இருந்தால் அதுதான் முதலில் நிற்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு புள்ளிகூட ஆகாது. ஆனால் நல்ல நேரத்தில் முதலாளி கையால் போட்ட பிள்ளையார் சுழியை நான் எப்படி அழிப்பது? அழித்தேன் என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? சொல்லாமல் அழித்து ஓடவிட்டு, பின்னால் தெரிந்தால்? அவருக்கு அபசகுனம் என்று ஒரு தடவை மனசில் விழுந்துவிட்டால் பிறகு எழுந்திருக்காது. அப்புறம் பக்கம் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன, கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். போனைக் கீழே வைத்துவிட்டு, நான் தடுப்பதற்குள் முதலாளியைக் கூப்பிட்டுவிட்டார். அவர் வந்ததும் நான் உள்ளதைச் சொன்னேன். சுழியால்தான் நிற்கிறது, அது இருக்கிற இடம் அப்படி என்றேன். முதலாளிக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

அக்காதான் பேசினார். "முதலாளி, இதுல சாமி குத்தம் ஒண்ணும் கிடையாது. எங்க வூட்டுல எத எழுதினாலும் மேல எழுநூத்தி எம்பத்தாறு போடுவோம். நான் அதப் போட்டிருந்தாலும் இது இப்படித்தான் நின்னிருக்கும். இதுக்கு ஒங்க சாமியும் தெரியாது, எங்க சாமியும் தெரியாது."

முதலாளி அக்காவைப் பார்த்தார். சிரித்துவிடுவார் போல இருந்தது, சிரிக்கவில்லை. "அப்ப எங்கதான் போடறது?" என்றார் என்னிடம்.

அந்தத் தலைவரிக்குக் கீழே, குறிப்பு என்று அடையாளம் போட்டு அதற்குள் எழுதினால் சர்வர் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும் என்றேன். நிரலில் நமக்காக நாமே எழுதிவைக்கும் குறிப்புக்கு அப்படி ஒரு வசதி உண்டு. அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இன்னாப்பா நீ, பிள்ளையார ரெண்டாவதா வெக்கறதா? அதுக்குப் போடாமலே இருந்துடலாம்."

கடிகாரத்தில் பத்து தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு எங்கேயோ படித்த ஞாபகம் ஒன்று வந்தது. அந்தத் தலைவரி இருந்தால்தான் முதலில் இருக்க வேண்டும். இல்லாமலே இருந்தாலும் சில ஃபைல்கள் ஓடும். நம்முடையது ஓடுமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெங்களூர்க்காரரைக் கேட்கலாம் என்றால் அவர் இமயமலையில் எங்கே இருக்கிறாரோ. ஃபைலை வேறு பேரில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். முதலாளியை மறுபடி உட்காரச் சொன்னேன். அவர் போட்ட சுழியை அவரையே எடுக்கச் சொன்னேன், நான் தொடவில்லை. அந்தத் தலைவரியை மட்டும் நான் எடுத்தேன். காலியான முதல் வரியில் குறிப்பு அடையாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டு நடுவில் இடம் விட்டேன். அதில் அவர் மறுபடி ஒரு விரலால் அழுத்தினார். முதல் வரி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சேமித்து ஓடவிட்டேன். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கற்பூரத் தட்டு எப்படியோ அக்கா கைக்கு வந்திருந்தது, யார் கொடுத்தது என்று அவருக்கே தெரியாது.

பக்கம் வந்தது. மலை, நிறம், தமிழ் எல்லாம் வந்தது. பௌர்ணமி எப்போது தொடங்குகிறது என்கிற இடம் மட்டும் காலியாக இருந்தது, அதை அக்காவுக்கென்று விட்டிருந்தேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு டெம்ப்ளேட்டைத் திறந்தார். முதலாளி பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நேரத்தை அடித்தார். புதுப்பித்ததும் வந்துவிட்டது. முதலாளி தன் போனிலும் திறந்து பார்த்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பேச நேரமில்லை. மத்தியானம் வரை ரூம்கள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டே வந்தன. செங்கல்பட்டு, வேலூர், ஓசூர், எங்கிருந்தெல்லாமோ பதிவு செய்தார்கள். சரியான நேரத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள். இந்தத் தடவை யாருக்கும் ஜமக்காளம் விரிக்க வேண்டி வராது என்றார் அக்கா. முதலாளி சாப்பிட வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று போன் பேசினார். இப்போதைக்கு வேண்டாம், நம்ம பசங்களே பாத்துக்கறாங்க, ஜாஸ்தியா அலைய வேணாம் என்று சொன்னது எங்கள் காதில் விழுந்தது. பிறகு உள்ளே வந்து, தேங்காய் மூடியில் ஒன்றை அக்காவிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சட்னி எங்கேயிருந்து என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் நான் மொட்டை மாடிக்குப் போனேன். லாட்ஜின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று, வெளியூரிலிருந்து வருகிற ஒரு ஆள் செய்வதைப் போல, என் போனில் நம் லாட்ஜின் பக்கத்தைத் திறந்தேன். மிச்சம் ஒரு ரூம்தான் இருந்தது, மூன்றாம் மாடியில். பெரியவர் இரண்டு, சிறியவர் இரண்டு என்று போட்டு அழுத்தினேன். உங்கள் அறை ஒதுக்கப்பட்டது, பௌர்ணமி முடியும்வரை தங்கலாம் என்று வந்தது. அதை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பிறகு ரத்து என்பதை அழுத்தி, அந்த ரூம் மறுபடியும் காலி என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் படி இறங்கினேன்.